வெளிநாட்டில் சபை தொடங்கி நடத்துவது: முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் கிறிஸ்தவ சபை தொடங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மண்டபம் தேடுகிறார்கள். அடுத்து ஒலிபெருக்கி, பிறகு அழைப்பிதழ். ஆராதனை தொடங்கிய பிறகுதான் விசா, வங்கிக் கணக்கு, மூப்பர்கள் (சபையை நடத்தும் பொறுப்பாளர்கள்), பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. அதற்குள் சபை ஓடத் தொடங்கிவிடும். ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாட்ட முடியாது.

ஆகவே கீழுள்ள வரிசையில் பொது ஆராதனையை எட்டாவது இடத்தில் வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய ஏழு படிகளுக்கும் ஓராண்டிலிருந்து ஈராண்டு வரை ஆகலாம். அந்தக் காலமும் ஊழியம்தான்.

1. புறப்படும் முன்: அனுப்புகிற சபை

அழைப்பு உண்டு என்று நீங்கள் நம்புவது மட்டும் போதாது; உங்களை அறிந்த ஒரு சபையும் அதை ஆராய்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 13இல் அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்துத்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது. 14ஆம் அதிகாரத்தின் முடிவில் இருவரும் திரும்பி வந்து, அதே சபையைக் கூட்டி, நடந்ததையெல்லாம் அறிவித்தார்கள். பலர் முதல் பாதியை மட்டும் பின்பற்றுகிறார்கள்.

அனுப்புகிற சபையோடு மூன்று விஷயங்களை எழுத்தில் முடிவு செய்யுங்கள். பண உதவி எவ்வளவு, எத்தனை ஆண்டு வரை? உங்கள்மேல் புகார் எழுந்தால் அதை விசாரிப்பவர் யார்? உடல்நலமோ சட்டமோ இடம் கொடுக்காமல் நீங்கள் திரும்ப நேர்ந்தால் என்ன ஏற்பாடு? அந்நிய நாட்டில் உங்களைத் தட்டிக்கேட்க ஆள் இருக்காது. முதல் சில ஆண்டுகளில் அந்தக் கடமை இந்தச் சபையைத்தான் சேரும்.

மணமானவராக இருந்தால், துணைவரின் சம்மதத்தை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அனுப்புகிற சபையின் மூப்பர்கள் அவரைத் தனியே சந்தித்துக் கேட்கட்டும். கணவர் உற்சாகமாகப் பேச, மனைவி தலையசைத்துவிட்டு வந்த குடும்பங்கள் இரண்டாவது ஆண்டில் திணறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

2. விசாவும் நாட்டின் சட்டமும்

சுற்றுலா விசாவில் வந்து தொடர்ந்து ஊழியம் செய்வது, மாணவர் விசாவில் இருந்துகொண்டு சபையில் சம்பளம் வாங்குவது ஆகிய இரண்டும் பல நாடுகளில் விசா விதிகளை மீறுவதாகும். "கர்த்தருடைய வேலைதானே" என்ற பதிலைக் குடியேற்ற அதிகாரி ஏற்கமாட்டார்; ஏற்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

நாட்டுக்கு நாடு வழி வேறு. சமய ஊழியர்களுக்கான அமெரிக்காவின் ஆர்-1 விசாவுக்கு, விண்ணப்பிக்கும் முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அதே சபைப்பிரிவில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். முதலில் 30 மாதங்கள் வரையும், மொத்தம் 5 ஆண்டுகள் வரையும் தங்கலாம். பிரிட்டனில் சமய ஊழியர்களுக்கென்றே தனி விசா உண்டு. ஜெர்மனியில் பதிவு பெற்ற சங்கமாக அமைய ஏழு பேராவது சேர வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் முஸ்லிம் அல்லாதோரின் வழிபாட்டிடங்களுக்கு அரசின் உரிமம் தேவை. அமெரிக்காவில் தகுதியுள்ள சபைக்குத் தனி விண்ணப்பம் இல்லாமலே வருமான வரிவிலக்கு உண்டு. ஆனால் வங்கிக் கணக்குக்கு வரித்துறையின் அடையாள எண் பெற்றாக வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. அந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

இதை இரண்டாவது படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. சபைக்கு வரப்போகிறவர்களில் சிலர் ஏற்கெனவே நிலையற்ற விசாவில் இருப்பார்கள். நீங்கள் விதி மீறினால், அதன் சுமை முதலில் அவர்கள் தலையில் விழும்.

3. ஓராண்டு ஒரு சபையில் உறுப்பினராக இருங்கள்

வந்து இறங்கியதும் நீங்கள் போதகர் அல்ல. அங்கே ஏற்கெனவே இயங்கும் ஒரு சபையில் சேர்ந்து, நாற்காலி அடுக்குங்கள், பிரசங்கம் கேளுங்கள், மொழி படியுங்கள். புதியவராக வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்பதை இந்த ஓராண்டில்தான் உணர முடியும். யாரும் பேசாத பத்து நிமிடம், புரியாத அறிவிப்பு, எங்கே உட்காருவது என்ற தயக்கம் என எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒன்பதாவது படியில் அது தேவைப்படும்.

இதே காலத்தில் அந்த நகரத்துப் போதகர்களைச் சந்தியுங்கள். இங்கே எந்த மக்களுக்குச் சபை இல்லை, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் யார், வந்து நின்றுபோன சபைகள் எவை, ஏன் என்று கேளுங்கள். வளைகுடா நாடுகள் பலவற்றில் வார விடுமுறையை ஒட்டி வெள்ளிக்கிழமை ஆராதனை நடப்பதைப் போல, மக்களின் வேலை நேரத்திற்கேற்பக் கூடும் நாளை மாற்றத் தயங்காதீர்கள்.

போதகர்களிடம் உங்கள் திட்டத்தை மறைக்கவும் வேண்டாம். பின்னால் மண்டபம் தருவதும், கல்யாணச் சான்றிதழுக்கு வழி காட்டுவதும், உங்கள் பேரில் வதந்தி பரவினால் உண்மை சொல்வதும் அவர்கள்தான்.

4. யாருக்கான சபை, எந்த மொழியில்?

மூன்று வழிகள் உள்ளன: தாய்மொழிச் சபை, அந்நாட்டு மொழிச் சபை, இருமொழிச் சபை. மூன்றும் நல்லவை. முடிவு செய்யாமல் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதுதான் சபையைக் குலைக்கிறது.

தாய்மொழிச் சபை வேகமாக வளரும். தனிமையில் வாடுகிறவர்களுக்கு அது வீடு போல இருக்கும். ஆனால் அங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகள் அந்நாட்டு மொழியில்தான் யோசிப்பார்கள். பத்து, பன்னிரண்டு வயதாகும்போது பிரசங்கம் அவர்களுக்குச் சத்தம் மட்டுமாக மாறும். தாய்மொழிச் சபை தொடங்குகிறவர்கள் பிள்ளைகளுக்கான வேதபாடத்தை எந்த மொழியில் நடத்துவது என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

இருமொழிச் சபையில் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் நின்று மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும். இருபது நிமிடப் பிரசங்கமாகத் தயாரியுங்கள். மொழிபெயர்ப்பவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் குறிப்புகளையும் வேத வசனங்களையும் கொடுங்கள். மேடையில் ஏறிய பிறகு அவரைத் தடுமாற வைப்பது அன்பில்லாத செயல். பாடல்களில் ஒரு சரணம் ஒரு மொழியில், அடுத்தது மறு மொழியில் பாடலாம். ஜெபத்தை மட்டும் அவரவர் மொழியிலேயே விட்டுவிடுங்கள்.

ஆராதனையைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு: ஆலோசனைக் கூட்டம். ஆராதனை இரண்டு மொழியில் நடக்கும். முடிவுகள் மட்டும் தொடங்கியவர்களின் மொழியில், ஆராதனை முடிந்து நின்றபடியே எடுக்கப்படும். அந்த மொழி தெரியாதவர் எத்தனை ஆண்டு வந்தாலும் விருந்தாளிதான். அப்போஸ்தலர் 6இல் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாதபோது, அந்தப் பணிக்குச் சபை தேர்ந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களையும் பாருங்கள். எல்லாம் கிரேக்கப் பெயர்கள்.

5. மையக்குழு

பொது ஆராதனைக்கு முன், பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் கொண்ட குழு ஒன்று ஆறு மாதமாவது வாரந்தோறும் வீட்டில் கூடி ஜெபிக்க வேண்டும், வேதம் வாசிக்க வேண்டும். மற்றச் சபைகளிலிருந்து ஆள் இழுக்காதீர்கள். ஒருவர் தானாக வர விரும்பினால், முதலில் தன் போதகரிடம் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். மனத்தாங்கலோடு ஒரு சபையை விட்டு வருகிறவர் அதே மனத்தாங்கலை உங்கள் சபைக்கும் கொண்டுவருவார்.

இந்த ஆறு மாதத்தில் விசுவாச அறிக்கையை எழுதுங்கள். அடிப்படைக்கு அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் போதும். சிக்கல் நடைமுறையில்தான் வரும். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா? முழுக்கா, தெளிப்பா? திருவிருந்தில் யார் பங்கு பெறலாம்? பெண்கள் பிரசங்கிக்கலாமா? அந்நிய பாஷை பொது ஆராதனையில் உண்டா? மறுமணம் செய்தவருக்கு என்ன பொறுப்பு தரலாம்? ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதிப் படித்துக் காட்டுங்கள்.

"பிரச்சினை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். முதல் ஞானஸ்நான ஆராதனைக்கு முந்தைய வாரம் வருகிற பிரச்சினையை யாராலும் அமைதியாகப் பார்த்துக்கொள்ள முடிவதில்லை. இப்போதே ஒருவர் ஒத்துப்போக முடியாமல் விலகினால், அவரை ஆசீர்வதித்து, அவருக்கு ஏற்ற சபைக்கு அனுப்புங்கள்.

6. இடமும் பணமும்

வீடு பதினைந்து பேர் வரை தாங்கும். அதற்குமேல் வாகன நெருக்கடி, சத்தம் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்கள். பள்ளிக் கூடமும், வேறொரு சபையின் பிற்பகல் நேரமும் நல்ல தொடக்கங்கள். பஸ் வருகிறதா, சக்கர நாற்காலி நுழையுமா, தீப்பாதுகாப்பு விதிப்படி எத்தனை பேருக்கு அனுமதி, விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு என்ற நான்கையும் கையெழுத்திடும் முன் கேளுங்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்குக் கட்டடம் வாங்கும் பேச்சே வேண்டாம். கடன் வந்துவிட்டால் வாசலில் நிற்கிற புதியவர், கண்ணுக்குத் தெரியாமலே, தவணையில் ஒரு பங்காகிவிடுவார்.

காணிக்கை ஒரு நாளும் போதகரின் சொந்தக் கணக்கில் போகக்கூடாது, ஒரு வாரத்திற்குக்கூட. உறவினர் அல்லாத இருவர் எண்ண வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும். பணம் எடுக்கவும் இரண்டு கையெழுத்து. போதகரும் அவர் துணைவரும் அந்த இருவராக இருக்கக்கூடாது. மாதந்தோறும் வரவு செலவு சபையில் வாசிக்கப்பட வேண்டும். எருசலேமுக்கான காணிக்கையைப் பவுல் தனியே எடுத்துச் செல்லாமல், சபைகள் தேர்ந்தெடுத்தவர்களோடு அனுப்பினார். காரணத்தை 2 கொரிந்தியர் 8:20-21 சொல்கிறது: யாரும் குறை சொல்ல இடம் கொடாதபடி.

யார் எவ்வளவு கொடுக்கிறார் என்பது போதகருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால், யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதில் அது நுழையும்.

வெளிநாட்டுப் பண உதவியை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வரும்படி முதலிலேயே திட்டமிடுங்கள். அதுவரை போதகர் ஒரு வேலையும் பார்ப்பது இழிவல்ல. கொரிந்துவில் பவுல் கூடாரத் தொழில் செய்தார்.

7. பிள்ளைகளின் பாதுகாப்பு

பிள்ளைகள் வகுப்பைத் தொடங்கும் முன் இந்த விதிகளை எழுதிவிடுங்கள். பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியே அறையில் இருக்கக்கூடாது, எப்போதும் இருவர். கதவில் கண்ணாடி, அல்லது கதவு திறந்தே இருக்க வேண்டும். ஆசிரியராக வருகிறவர் ஆறு மாதமாவது சபையில் இருந்தவராக இருக்க வேண்டும். அந்நாட்டின் குற்றப்பின்னணிச் சோதனை இருந்தால் அதையும் முடிக்க வேண்டும்.

அடிப்பது கூடாது. 1979இல் ஸ்வீடன் பெற்றோர் அடிப்பதையே சட்டப்படி தடை செய்தது; பிறகு பல நாடுகள் அவ்வாறு செய்தன. கையை ஓங்குவதே ஒழுக்கம் என்று வளர்ந்த ஆசிரியர்களுக்கு இதை வெளிப்படையாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிள்ளை துன்புறுத்தப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் சபைக்குள் பேசித் தீர்க்காமல் அரசு அமைப்பிடம் தெரிவியுங்கள். சபையின் பெயரைக் காப்பாற்றப் பிள்ளையைக் கைவிடுகிற சபை, சபையே அல்ல.

8. முதல் பொது ஆராதனை

மூன்று நான்கு ஒத்திகை ஆராதனைகளை மையக்குழு மட்டும் நடத்திப் பாருங்கள். கிறிஸ்துமஸிலோ ஈஸ்டரிலோ தொடங்காதீர்கள். அன்று கூட்டம் நிறையும். அடுத்த வாரம் பாதி நாற்காலி காலியாகும். ஊழியக்காரர் மனம் ஒடிவார். சாதாரண வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆராதனை முறையை ஒரே தாளில் அச்சிடுங்கள். எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். சொன்ன நேரத்தில் தொடங்கி, சொன்ன நேரத்தில் முடியுங்கள். அடுத்த வேலைக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர் நடுவில் எழுந்து போக நேர்ந்தால், அந்தக் கூச்சத்திலேயே மறுமுறை வரமாட்டார்.

9. வரவேற்பு: வாசலிலிருந்து பொறுப்பு வரை

இங்கேதான் அதிகத் தடுமாற்றம். வாசலில் புன்னகையோடு இருவரை நிறுத்திவிட்டால் வரவேற்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாசலில் பிழை செய்கிற சபைகள் குறைவு. ஆராதனை முடிந்த அடுத்த பத்து நிமிடத்தில்தான் பிழை நடக்கிறது. சபையார் ஒருவரையொருவர் பார்த்து மகிழ்ந்து வட்டமாக நிற்பார்கள். புதியவர் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டு மெல்ல வெளியேறுவார். முதல் பத்து நிமிடம் நண்பர்களோடு பேசுவதில்லை, ஊழியத் திட்டம் பேசுவதில்லை என்று மையக்குழு தீர்மானிக்க வேண்டும். அந்த நேரம் தெரியாதவர்களுக்கு.

புதியவர்களை எழுந்து நிற்க வைத்து அறிமுகம் செய்யச் சொல்லாதீர்கள். மொழி தடுமாறுகிறவருக்கும், ஒளிந்து வாழ்கிறவருக்கும், துக்கத்தில் வந்தவருக்கும் அது தண்டனை. பெயரைக் கேளுங்கள், சரியாக உச்சரிக்கும் வரை திரும்பக் கேளுங்கள். விசா நிலை, சம்பளம், கல்யாணம், பிள்ளை உண்டா இல்லையா ஆகியவற்றைக் கேட்காதீர்கள். காணிக்கை எடுக்கும் முன், விருந்தினரிடமிருந்து எதிர்பார்க்கவில்லை என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள். திருவிருந்தில் யார் பங்கு பெறலாம், பெறாதவர் என்ன செய்யலாம் என்பதை அது தொடங்கும் முன் விளக்குங்கள்.

முகவரியும் எண்ணும் எழுதித் தருவது அவரவர் விருப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சமய நம்பிக்கை பற்றிய தகவல் தனிப் பாதுகாப்புப் பெற்ற வகை. ஆகவே வருகைப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது அங்கே சட்டச் சிக்கல். சட்டம் இல்லாத இடத்திலும், சொந்த நாட்டில் விசுவாசத்திற்காகத் துன்புறுத்தப்படுகிற குடும்பம் உள்ளவருக்கு ஒரு புகைப்படமே ஆபத்து. படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

இரண்டாவது வாரம் முதல் வாரத்தைவிட முக்கியம். அவர் மறுபடி வந்தால், போன வாரம் பேசியவரே பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் ஒரு குடும்பம் அவரை வீட்டுக்கு அழைக்க வேண்டும். மூன்றாவது மாதத்திற்குள் சிறிய பொறுப்பு ஒன்று தர வேண்டும்: வேத வாசிப்பு, நாற்காலி அடுக்குதல், கதவைத் திறந்து வைத்தல். வேலை செய்கிற இடத்தில்தான் ஒருவருக்கு "என் சபை" என்ற சொல் வாயில் வருகிறது. போதிக்கும் பொறுப்பும் பண நிர்வாகமும் மட்டும் பொறுத்து வரட்டும்.

யாக்கோபு 2ஆம் அதிகாரம் பொன்மோதிரக்காரருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் கால்மாட்டும் காட்டிய சபையைக் கடிந்துகொள்கிறது. வெளிநாட்டுச் சபைகளில் இது தொழில் வழியாக வருகிறது: மருத்துவரும் மென்பொருள் பொறியாளரும் குழுவில், வீட்டுவேலை செய்பவரும் கட்டடத் தொழிலாளியும் கடைசி வரிசையில். பிறந்த நாட்டின் சாதியும் வட்டாரப் பிரிவும் கூடவே விமானம் ஏறி வருகின்றன. முன்னணியில் இருப்பவர்கள் யார் என்று ஆண்டுக்கு இருமுறை மூப்பர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

அகதி அந்தஸ்து கேட்கிறவர்கள் ஞானஸ்நானம் கேட்டு வருவது பல நாடுகளில் உண்டு. சந்தேகத்தோடு பார்க்கவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். எல்லோருக்கும் உள்ள அதே ஆயத்த வகுப்பை அவருக்கும் நடத்துங்கள். நீதிமன்றத்திற்குக் கடிதம் கேட்டால் நீங்கள் நேரில் கண்டதை மட்டும் எழுதுங்கள்: எப்போதிலிருந்து வருகிறார், எந்த வகுப்பில் கலந்துகொண்டார், எப்போது ஞானஸ்நானம் பெற்றார். உங்கள் ஒரு கடிதம் மிகையாக இருந்தால், உண்மையான அடுத்தவரின் கடிதமும் நம்பப்படாது.

10. தலைமை

பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள். ஒருவரை அல்ல, பலரை (அப்போஸ்தலர் 14:23). அவசரமாகவும் ஏற்படுத்தாதீர்கள்: நூதன சீஷன் (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்) கண்காணியாக, அதாவது சபைத் தலைவராக, ஆகக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3:6 எச்சரிக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் அனுப்பிய சபையிலிருந்தும் அருகிலுள்ள சபையிலிருந்தும் இருவர் தற்காலிக ஆலோசகர்களாக இருக்கட்டும்.

மூப்பர் குழுவில் தொடங்கியவரின் உறவினர் பெரும்பான்மையாக இருக்கக்கூடாது. அந்நாட்டிலேயே பிறந்தவர் ஒருவராவது விரைவில் வர வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திற்கும் குறிப்பு எழுதுங்கள். மறுக்கும் குரல் இருந்தால் அதையும் எழுதுங்கள். போதகரின் கருத்தைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் அவர் பேசிவிட்டால் மற்றவர்கள் ஆமென் மட்டும் சொல்வார்கள்.

சண்டை வரும். மத்தேயு 18:15-17இன் வரிசையை அப்படியே கடைப்பிடியுங்கள்: முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, பிறகுதான் சபை. பிரசங்க மேடையிலிருந்து ஒருவரைக் குத்திப் பேசுவது இந்த வரிசையில் எங்கும் இல்லை. போதகர்மேலேயே புகார் என்றால், முதல் படியில் எழுதி வைத்த வெளிச்சபையினர் விசாரிக்க வேண்டும்.

11. ஒப்படைத்தல்

பவுல் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டும் எபேசுவில் ஏறக்குறைய மூன்று ஆண்டும் இருந்தார்; பிறகு மூப்பர்களிடம் விட்டுப் போனார். உங்கள் காலம் நீளலாம். ஆனாலும் மூன்றாவது ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் நான்கு வாரம் தொடர்ந்து சபையை விட்டு விலகி இருங்கள். அந்த நாட்களில் எது நின்றுபோனது என்று திரும்பி வந்து கேளுங்கள். நின்றுபோனதைத் திரும்ப உங்கள் கையில் எடுக்காமல் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள்.

ஒப்படைக்கும்போது வங்கிக் கையெழுத்து, வாடகை ஒப்பந்தம், பதிவு ஆவணங்கள், இணையதளக் கடவுச்சொல், உறுப்பினர் பதிவேடு, சாவி அனைத்தும் ஒரே நாளில், சாட்சிகள் முன் கைமாற வேண்டும். முதல் ஓராண்டு வேறொரு சபையில் ஆராதியுங்கள். பழைய சபையார் புதிய போதகரைப் பற்றிக் குறை சொல்லத் தொலைபேசியில் அழைத்தால், அவரிடமே போய்ப் பேசும்படி சொல்லி அழைப்பை முடித்துவிடுங்கள்.